பட்டன் கத்தி: வகைகள், உள்ளே நடப்பது, கையாளும் முறை – முழுமையான வழிகாட்டி

பட்டன் கத்தி என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குள் குறைந்தது ஐந்தாறு வெவ்வேறு இயந்திரங்கள் அடங்கியிருக்கின்றன. வெளியிலிருந்து பார்க்கும்போது எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். ஒரு பிடி, அதில் ஒரு பட்டன் அல்லது நெம்பி (லிவர்), தொட்டால் அலகு வந்து நிற்கும். உள்ளே திறந்து பார்த்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இருக்காது. பராமரிப்பு வேறு, பழுதாகும் விதம் வேறு, பல நாடுகளில் சட்டம்கூட வேறு.

இந்த வகைகளைப் பிரித்தறிய நான் ஒரே கேள்வியைத்தான் முதலில் கேட்பேன்: கத்தி மூடியிருக்கும்போது அதன் ஸ்பிரிங் எந்தப் பக்கம் இழுக்கிறது? திறக்கும் பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறதா, மூடும் பக்கம் இழுக்கிறதா, அல்லது சும்மா ஓய்வில் கிடக்கிறதா? இந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால் மீதியெல்லாம் தானாக விளங்கிவிடும். பெயர், பிராண்டு, விலை எதுவும் தேவையில்லை.

சரி, வரிசையாகப் போகலாம்.

படி 1: கையில் இருப்பது என்ன என்று கண்டுபிடிப்பது

முதலில் அலகு எந்த வழியாக வெளியே வருகிறது என்று பாருங்கள். பிடியின் பக்கவாட்டிலிருந்து, சாதாரண மடக்குக் கத்தியைப் போலவே ஓர் ஆணியைச் சுற்றித் திரும்பி வந்தால், அது பக்கவாட்டில் திறக்கும் வகை. பிடியின் முன்வாயிலிருந்து நேராக வழுக்கிக்கொண்டு வந்தால், அது முன்திறப்பு வகை. இணையத்தில் 'ஓடிஎஃப்' என்று எழுதுவதெல்லாம் இதைத்தான்.

பக்கவாட்டு வகை என்றால் இன்னொரு சோதனை. மூடிய கத்தியில் அலகின் முதுகுதான் வெளியே தெரியும். வாய், அதாவது கூரான விளிம்பு, உள்ளே பிடியின் பள்ளமான காடிக்குள் இருக்கும். அந்த முதுகை இரண்டு விரலால் நன்றாக அழுத்திப் பிடித்துக்கொண்டு, மற்ற கையால் பட்டனை அழுத்துங்கள். விரலைத் தள்ளிக்கொண்டு எழப் பார்க்கிறதா? அப்படியென்றால் ஸ்பிரிங் விசை ஏறிய நிலையில் காத்துக்கொண்டிருந்தது, அது முழு ஆட்டோமேட்டிக். எதுவும் நடக்கவில்லை, அலகு தளர்ந்து மட்டும் போனது என்றால், அந்த பட்டன் வெறும் பூட்டுதான். கத்தி கையால் திறக்கிற சாதாரண வகை. இப்படிப் பட்டன் பூட்டு மட்டும் உள்ள கத்திகள் இப்போது ஏராளமாக வருகின்றன. ஆன்லைனில் படத்தைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம்.

முன்திறப்பு வகையில் இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது. முன்வாயில் விரலை வைப்பது எந்தக் காரணத்துக்காகவும் சரியல்ல.

படி 2: பக்கவாட்டில் திறக்கும் பட்டன் வகை

ஆட்டோமேட்டிக் கத்தியைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். எலிப்பொறியைப் போன்ற அமைப்பு இது: விசையை நாமே ஏற்றி வைக்கிறோம், ஒரு சின்னத் தடை அதைப் பிடித்து நிறுத்துகிறது, தடையை விலக்கினால் முடிந்தது.

அலகு சுழலும் ஆணியைச் சுற்றி ஒரு சுருள் ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும். அதன் ஒரு கால் பிடியில் துளைத்த ஓட்டையில் மாட்டியிருக்கும், மறு கால் அலகின் அடியில். கத்தியை நாம் மூடும்போது அந்தச் சுருள் இறுகுகிறது. மூடுகிற கையில் உணர்கிற எதிர்ப்பு அதுதான். ஆக, இந்தக் கத்தியைத் திறக்கும் வேலையை நாம் செய்வது மூடும்போதே.

இப்போது பட்டனைப் பார்ப்போம். வெளியே தெரிவது சின்ன வட்டம் மட்டும். முழுதாகக் கழற்றி எடுத்தால் அது ஒரு குட்டி உருளை. அடிப்பகுதி தடித்திருக்கும், மேலே கழுத்துப்போல ஒடுங்கியிருக்கும். அதன் கீழே அதற்கென்று தனியாக ஒரு குட்டி ஸ்பிரிங் இருந்து, எப்போதும் மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கும். அலகின் அடியில் இந்த உருளை பொருந்துகிற மாதிரி இரண்டு அரைவட்ட வெட்டுகள் இருக்கும். ஒன்று மூடிய நிலைக்கு, இன்னொன்று திறந்த நிலைக்கு. கத்தி மூடியிருக்கும்போது உருளையின் தடித்த பகுதி முதல் வெட்டுக்குள் உட்கார்ந்து அலகைத் திரும்ப விடாமல் பிடித்திருக்கிறது. பட்டனை அழுத்தினால் தடித்த பகுதி கீழே இறங்கி, ஒடுங்கிய கழுத்து அந்த இடத்துக்கு வருகிறது. கழுத்தைச் சுற்றி இடைவெளி இருப்பதால் அலகின் அடி அதைத் தாண்டி வழுக்கிக்கொண்டு போகிறது. அலகு முழுதாகத் திறந்ததும் இரண்டாவது வெட்டு எதிரே வந்து நிற்க, உருளை மீண்டும் மேலெழும்பி அதற்குள் ஏறிக்கொள்கிறது. இப்போது அதே உருளைதான் அலகை மடங்க விடாமல் பூட்டியிருக்கிறது.

ஒரே உதிரிபாகம் இரண்டு வேலையையும் செய்கிற இந்த அமைப்பு எனக்கு இன்றுவரை சலிக்கவில்லை. நல்ல தயாரிப்பாளர்கள் அந்த உருளையை லேசாகக் கூம்பு வடிவில் கடைந்திருப்பார்கள். காலப்போக்கில் உலோகம் தேயத் தேய, உருளை இன்னும் கொஞ்சம் மேலேறி ஆப்புபோல இறுகிக்கொள்ளும். அதனால் ஆண்டுகள் போனாலும் ஆட்டம் விழாது.

இன்னொரு பாகத்தையும் கவனிக்க வேண்டும்: தடுப்பு முளை. வேகமாகத் திரும்பி வரும் அலகை நிறுத்துவது பட்டன் அல்ல, பிடிக்குள் குறுக்காகப் பதித்திருக்கும் இந்த முளைதான். மலிவான கத்திகளில் இந்த முளை மெல்லிய கம்பியாக இருக்கும், அல்லது மென்மையான உலோகத்தில் இருக்கும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அடி வாங்கி வாங்கி அது வளையும். அப்புறம் அலகு இருக்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் நிற்கும், பட்டனின் உருளை வெட்டுக்குள் சரியாக உட்காராது, பூட்டு நம்ப முடியாததாகிவிடும். ஒரு கத்தி தரமானதா என்று பார்க்க, அலகு எவ்வளவு வேகமாகத் திறக்கிறது என்று பார்ப்பதைவிட, திறந்து நின்றபின் அலகை மேலும் கீழும் அசைத்து ஆட்டம் இருக்கிறதா என்று பார்ப்பதே மேல்.

பல மாதிரிகளில் பட்டனுக்குப் பக்கத்தில் நகர்த்துகிற ஒரு சேஃப்டி இருக்கும். அதை நகர்த்தினால் பட்டன் கீழிறங்க இடமிருக்காது. பையில் போட்டு வைக்கும் கத்திக்கு இது அவசியம் என்பது என் கருத்து. சேஃப்டி இல்லாத மாதிரிகளில் பட்டன் பிடியின் மேற்பரப்புக்குச் சமமாகவோ சற்றே உள்வாங்கியோ இருக்க வேண்டும்.

இந்தப் பட்டன் அமைப்பின் வரலாற்றில் தவிர்க்க முடியாத பெயர் ஜார்ஜ் ஷ்ரேட். அமெரிக்காவில் 1892-ல் அவர் பட்டனை அழுத்தித் திறக்கும் கத்திக்குக் காப்புரிமை எடுத்தார். நியூயார்க் மாநிலத்தின் வால்டன் ஊரில் அது தொழிலாக வளர்ந்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் பாராசூட் வீரர்களுக்குக் கொடுத்த எம்2 கத்தியும் ஷ்ரேட் பெயரிலான நிறுவனம் செய்ததுதான். மரத்தில் சிக்கித் தொங்கும் வீரர் ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கத்தியைத் திறந்து அறுக்க வேண்டும் என்பதே அதன் தேவை. ஒரு கையால் திறப்பது என்பதுதான் இந்தக் கத்திகளின் உண்மையான பயன்.

படி 3: பட்டை ஸ்பிரிங் வைத்த இத்தாலிய வகை

மெலிந்து நீண்ட அலகு, இரு பக்கமும் குறுக்கே நீட்டிக்கொண்டிருக்கும் சிறு கவசம், கொம்பு பதித்த பிடி. இந்த உருவத்தை நினைத்தாலே இத்தாலியின் வடகிழக்கு மூலையில் இருக்கும் மனியாகோ ஊர்தான் ஞாபகத்துக்கு வரும். நூற்றாண்டுகளாகக் கத்தி செய்து வாழ்கிற ஊர் அது. ஃப்ராங்க் பெல்ட்ராமே, ஏஜிஏ கம்போலின் போன்ற பட்டறைகளின் பெயரைச் சேகரிப்பாளர்கள் எல்லோரும் அறிவார்கள். போர் முடிந்து ஊர் திரும்பிய அமெரிக்க வீரர்கள் நினைவுப் பொருளாக வாங்கிப்போனதில்தான் இந்த வகை உலகம் முழுக்கப் பரவியது.

இதில் சுருள் ஸ்பிரிங் கிடையாது. பிடிக்குள் வளைந்த ஒரு பட்டை ஸ்பிரிங் படுத்திருக்கும். மூடும்போது அலகின் அடி அந்தப் பட்டையை அழுத்தி வளைக்கிறது. பட்டன் இங்கே உருளை இல்லை. நடுவில் ஊன்றிய குட்டித் துலாக்கோல். ஒரு முனையை நாம் அழுத்த, மறு முனை மேலே தூக்கிக்கொண்டு, அலகின் அடியில் உள்ள துளையிலிருந்து சிறு முளையை வெளியே எடுக்கிறது. பட்டை நிமிர்ந்து அலகை உதைக்கிறது.

பூட்டுவது வேறொரு பட்டை, பிடியின் முதுகுப் பக்கமாக. பழைய கத்திகளில் மூட வேண்டுமென்றால் அந்தப் பட்டையின் நுனியை நகத்தால் தூக்க வேண்டும். பின்னால் வந்தவற்றில் பிடியின் முன்பக்கத்து உலோகக் கவசத்தைச் சற்றுத் திருப்பினால் பட்டை தூக்கிக்கொள்ளும். நகத்தால் தூக்கும் பழைய வகைக்குச் சேகரிப்பாளர்களிடம் மதிப்பு அதிகம்.

உழைப்பதற்கு இந்த வகை ஏற்றதல்ல. பட்டை ஸ்பிரிங் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைவதால் அங்கே விரிசல் விட்டு முறியும். அழகுக்கும் கைவேலைக்கும் வாங்குகிற பொருள்.

படி 4: நெம்பியும் மறைவான விடுவிப்பும்

ஜெர்மானியப் பாணியில் பட்டனுக்குப் பதில் பிடியின் மேல் மடங்கிக் கிடக்கும் ஒரு சிறு நெம்பி இருக்கும். அதை நிமிர்த்தி அழுத்தினால், அலகின் துளையில் இருக்கும் முளை மேலே வருகிறது, அலகு திறக்கிறது. திறந்ததும் அதே முளை அலகின் அடியிலுள்ள இன்னொரு துளையில் விழுந்து பூட்டுகிறது. முளை அலகை ஊடுருவி நிற்பதால் இந்தப் பூட்டு மிகவும் உறுதியானது. நெம்பியை மடக்கி வைத்தால் தவறி அழுத்தவே வழியில்லை, அதனால் தனியாகச் சேஃப்டி தேவைப்படாது. வேகத்தில் பின்தங்கினாலும் பாதுகாப்பில் இதற்கு இணை இல்லை.

மறைவான விடுவிப்பு என்பது பட்டனே கண்ணுக்குத் தெரியாத வகை. பார்த்தால் கட்டைவிரலால் திறக்கும் சாதாரண மடக்குக் கத்தி. பிடியின் ஒரு பக்கத் தகட்டைக் கொஞ்சம் நகர்த்தினாலோ அழுத்தினாலோ திறந்துகொள்ளும். வேலைப்பாட்டுக்காகச் செய்வது. இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உள்ளே இருப்பது படி 2-ல் பார்த்த சுருள் ஸ்பிரிங்தான்.

படி 5: முன்திறப்பு வகை, ஒற்றைச் செயல்

முன்திறப்பில் இரண்டு பிரிவு. ஒற்றைச் செயல் என்றால் ஸ்பிரிங் அலகை வெளியே மட்டும் தள்ளும். உள்ளே நாம்தான் இழுக்க வேண்டும். வலுவான ஸ்பிரிங் மூடிய நிலையில் இறுகிக் காத்திருக்கும். பட்டனை அழுத்த, கொக்கி விலகி அலகு பாய்ந்து வந்து முன்பக்கத்தில் பூட்டிக்கொள்ளும். மூடுவதற்குப் பட்டனை அழுத்திக்கொண்டே பின்பக்கத்துத் தலைப்பையோ இழுப்பானையோ பிடித்து இழுக்க வேண்டும். மைக்ரோடெக் நிறுவனத்தின் ஹேலோ இந்த வகைக்குப் பேர்போனது.

நம் கேள்விக்கு விடை இங்கே தெளிவு: மூடியிருக்கும்போது விசை ஏறியிருக்கிறது. பக்கவாட்டு வகைக்கு இது நெருங்கிய உறவு.

படி 6: முன்திறப்பு வகை, இரட்டைச் செயல்

இதுதான் எல்லாரும் வியக்கிற கத்தி. பிடியிலுள்ள நகர்த்துக்கட்டையைக் கட்டைவிரலால் முன்னே தள்ளினால் அலகு வெளியே, பின்னே இழுத்தால் அலகு உள்ளே. பலர் நினைப்பதுபோல இதில் ஸ்பிரிங் இறுகிக் காத்திருப்பதில்லை. திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் ஸ்பிரிங் கிட்டத்தட்ட ஓய்வில்தான் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் விசையை ஏற்றுவது உங்கள் கட்டைவிரல்தான். அதனால்தான் இவ்வகையின் கட்டை அவ்வளவு கெட்டியாக இருக்கிறது.

உள்ளே நடப்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். பிடியின் நீளவாக்கில் ஓர் இழுவை ஸ்பிரிங் இருக்கும். அதன் இரண்டு முனையிலும் ஒவ்வொரு கொக்கி. கட்டைவிரலால் நகர்த்தும் கட்டை உள்ளே ஒரு தகட்டோடு சேர்ந்திருக்கும். அலகை, பின்பக்கத்தில் ஒன்றும் முன்பக்கத்தில் ஒன்றுமாக இரண்டு பூட்டு நாக்குகள் முறைவைத்துப் பிடித்திருக்கும்.

மூடிய நிலையில் பின் நாக்கு அலகைப் பிடித்திருக்கிறது. நீங்கள் கட்டையை முன்னே தள்ளும்போது தகடு முன்கொக்கியைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறது. பின்கொக்கி அலகோடு மாட்டியிருக்கிறது, அலகோ பூட்டப்பட்டிருக்கிறது. ஆக, ஸ்பிரிங் நீள்கிறது. கட்டை கடைசி சில மில்லிமீட்டருக்கு வரும்போது தகட்டில் உள்ள சரிவு பின் நாக்கைத் தூக்கிவிடுகிறது. அந்தக் கணத்தில் அலகுக்குப் பிடிப்பு எதுவுமில்லை. நீண்டிருந்த ஸ்பிரிங் சுருங்கி அலகை முன்னே வீசுகிறது. பாதி வழியிலேயே ஸ்பிரிங் சுருங்கி முடிந்துவிடும். மீதித் தூரத்தை அலகு தன் வேகத்தில் மட்டும் கடந்து போய் முன் நாக்கில் பூட்டிக்கொள்கிறது. மூடும்போது இதே நாடகம் தலைகீழாக.

இது விளங்கினால் இரட்டைச் செயல் கத்தியின் குணங்கள் எல்லாவற்றுக்கும் காரணம் கிடைத்துவிடும். வழியில் ஏதாவது தடுத்தால், ஓர் அட்டைப்பெட்டியின் ஓரம் போதும், அலகு பாதியில் நின்றுவிடும். எந்த நாக்கிலும் பூட்டாமல், எந்தக் கொக்கியோடும் சேராமல் சும்மா கிடந்து ஆடும். பழுதாகிவிட்டது என்று பதற வேண்டாம். அது அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. எப்படிச் சரிசெய்வது என்று கடைசியில் சொல்கிறேன். அதேபோல, அலகு தடையில்லாமல் ஓட வேண்டுமென்றால் காடியில் கொஞ்சம் இடைவெளி இருந்தே ஆக வேண்டும். எனவே எவ்வளவு விலையுயர்ந்த இரட்டைச் செயல் கத்தியிலும் திறந்த நிலையில் சிறிது ஆட்டம் இருக்கும். மைக்ரோடெக்கின் அல்ட்ராடெக், பெஞ்ச்மேடின் இன்ஃபிடல் ஆகியவை இவ்வகையில் பேர்போனவை. அவற்றிலும் அந்த ஆட்டம் உண்டு.

படி 7: ஆட்டோமேட்டிக் அல்லாத உறவினர்கள்

உதவித் திறப்பு வகையில்தான் அதிகக் குழப்பம். ஹவாயில் வாழும் கத்தி வடிவமைப்பாளர் கென் ஆனியன் உருவாக்கி, கெர்ஷா நிறுவனம் 1990-களின் இறுதியில் கொண்டுவந்த ஸ்பீட்சேஃப் அமைப்பு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. பிடிக்குள் வளைந்த ஓர் எஃகுக் கம்பி இருக்கும். அலகு மூடியிருக்கும்போது அந்தக் கம்பி அலகை உள்ளே, மூடும் பக்கம் இழுக்கிறது. கட்டைவிரலால் அலகிலுள்ள முளையைத் தள்ளி ஒரு குறிப்பிட்ட கோணம் தாண்டியதும், அதே கம்பியின் இழுப்பு திசை மாறி, மீதித் தூரத்தைத் தானே திறந்துவிடுகிறது.

பார்க்கிறவருக்கு பட்டன் கத்திக்கும் இதற்கும் வித்தியாசமே தெரியாது. ஆனால் அமெரிக்காவில் 1958-ல் வந்த கூட்டாட்சிச் சட்டம் மாநிலங்களுக்கிடையே ஸ்விட்ச்பிளேடு (பட்டன் கத்தி) வணிகத்தைத் தடை செய்திருந்தது; இந்த வகையும் அதில் சேருமா என்ற சர்ச்சை பின்னாளில் கிளம்பியது. 2009-ல் சட்டத்தைத் திருத்தி, மூடும் பக்கம் இழுக்கும் விசை உள்ள, அதை மீறி அலகின்மேல் கையால் அழுத்தித் திறக்க வேண்டிய கத்திகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள். நாம் தொடக்கத்தில் கேட்ட அதே கேள்வியைத்தான் சட்டமும் கேட்டிருக்கிறது. 1958 சட்டத்தில் இன்னொரு விலக்கும் உண்டு: ஒரு கை மட்டும் உள்ளவர் 3 அங்குலமோ அதற்குக் குறைவாகவோ அலகுள்ள கத்தியைத் தன்னிடம் வைத்திருக்கலாம்.

புவியீர்ப்புக் கத்தியில் ஸ்பிரிங் அலகைத் தள்ளுவதே இல்லை. நெம்பியை அழுத்திப் பிடியைக் கவிழ்த்தால் அலகு தன் எடையால் வழுக்கி வரும். ஜெர்மானிய விமானப்படையின் பாராசூட் வீரர்கள் 1930-களின் பிற்பகுதியிலிருந்து வைத்திருந்தது இதுதான். பிலிப்பைன்ஸின் பட்டாங்காஸ் பகுதியில் பிறந்த பலிசாங், இரண்டாகப் பிரியும் பிடியைச் சுழற்றித் திறப்பது, முழுக்கக் கைவேலை.

நம் நாட்டுக் கத்தி ஒன்றையும் சொல்லாமல் போக முடியாது. உத்தரப் பிரதேசத்தின் ராம்பூரில் செய்யும் ராம்பூரி. பழைய இந்திப் படங்களின் வில்லன்கள் கையில் 'கட கட'வென்று ஒலியெழுப்பித் திறந்ததே, அது. அந்த ஒலி அலகின் அடியில் வெட்டிய பற்களின்மேல் ஸ்பிரிங் ஏறி இறங்குவதால் வருவது. அந்த வகை கையால் திறப்பது. பட்டன் வைத்த ராம்பூரியும் உண்டு. தடையால் நலிந்துபோன தொழில் இது. 2023-ல் ராம்பூரில் 20 அடி நீளக் கத்திச் சிலையை ஒரு நாற்சந்தியில் நிறுவினார்கள். கைவினைஞர்களுக்கு வேலை கிடைத்திருந்தால் அது இன்னும் பெரிய மரியாதையாக இருந்திருக்கும்.

படி 8: வாங்கும் முன் சட்டத்தைப் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். இந்தியாவில் ஆயுதச் சட்டம் 1959-ம் அதன் கீழ் வந்த விதிகளும் பொருந்தும். 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகள், வீட்டு உபயோகம், விவசாயம், தொழில் போன்றவற்றுக்காகச் செய்தவை தவிர, ஆயுதப் பட்டியலில் வரும். இதைப் படித்துவிட்டுச் சின்னக் கத்திக்குப் பிரச்சினையே இல்லை என்று நினைப்பது பெரிய தவறு. குறிப்பிட்ட பகுதியில் குறிப்பிட்ட வகை ஆயுதங்களுக்குக் கட்டுப்பாடு விதிக்க அந்தச் சட்டத்தின் 4-ம் பிரிவு அதிகாரம் கொடுக்கிறது. டெல்லியில் 1980-ல் வந்த அறிவிக்கை அப்படித்தான் ஸ்பிரிங்கிலோ பட்டனிலோ பற்சக்கரத்திலோ இயங்கும் கத்திகளைக் கட்டுப்படுத்தியது. அளவு 7.62 சென்டிமீட்டர் நீளமும் 1.72 சென்டிமீட்டர் அகலமும். அதாவது 3 அங்குல அலகே போதும் வழக்குப் பதிவாக. உங்கள் ஊர் நிலவரத்தை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். விற்பவர் சொல்வதை நம்பாதீர்கள்.

வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கனடாவில் பட்டனை அழுத்தித் திறக்கும் கத்தியும், புவியீர்ப்பாலோ வீசினாலோ திறக்கும் கத்தியும் குற்றவியல் சட்டப்படி தடைசெய்யப்பட்ட ஆயுதம், வைத்திருப்பதே குற்றம். பிரிட்டனில் 1959 சட்டம் தயாரிப்பையும் விற்பனையையும் தடுத்தது. 2019 சட்டம் வீட்டுக்குள் வைத்திருப்பதையும் சேர்த்தது, 2021-லிருந்து அது அமலில் இருக்கிறது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். விமானத்தில் கைப்பையில் கொண்டுபோக எங்கேயும் வழியில்லை.

சட்டம் இடம் கொடுக்காத ஊரில் இருந்தால் வாங்க வேண்டாம். இயந்திரத்தைப் புரிந்துகொள்ள வெட்டுத்தோற்றப் படங்களும் பிரித்துக் காட்டும் காணொளிகளும் போதும்.

படி 9: திறப்பது, மூடுவது

பக்கவாட்டு வகையைத் திறக்கும்போது பிடியை நான்கு விரலாலும் முழுதாகப் பற்றுங்கள். அலகு நிற்கும் கணத்தில் பிடி எதிர்ப்பக்கம் ஓர் உதை உதைக்கும். தளர்வாகப் பிடித்திருந்தால் கையிலிருந்து நழுவும். விரல் நுனி எதுவும் அலகு வெளியேறும் காடியின்மேல் இருக்கக் கூடாது. முதல்முறை பிடிக்கிறவர்கள் பெரும்பாலும் காயப்படுவது திறக்கும்போது அல்ல, மூடும்போது. பட்டனை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, மற்ற கையின் உள்ளங்கையால் அலகின் முதுகைத் தள்ளி மடக்குங்கள். அலகு உள்ளே போகும்போது பிடியைப் பற்றியிருக்கும் விரல்கள் காடிக்கு வெளியே இருக்கின்றனவா என்று பாருங்கள். கடைசியில் 'டக்' என்ற ஒலி கேட்ட பிறகே பட்டனிலிருந்து கையை எடுத்து, சேஃப்டியைப் போடுங்கள். அந்த ஒலி வராவிட்டால் உருளை வெட்டுக்குள் உட்காரவில்லை. அப்படியே பையில் போடாதீர்கள்.

படி 10: சுத்தம் செய்வதும் பழுது பார்ப்பதும்

இந்தக் கத்திகளின் பெரிய எதிரி பையிலிருந்து வரும் நூல்துகள். அது எண்ணெயோடு சேர்ந்து பிசினாகி ஸ்பிரிங்கின் வேகத்தைக் குடித்துவிடும். பக்கவாட்டு வகைக்கு, காற்றடித்து ஊதிவிட்டு, ஆணியில் ஒரு துளியும் பட்டனைச் சுற்றி ஒரு துளியும் மெல்லிய எண்ணெய் விட்டு, சில முறை திறந்து மூடினால் போதும். தேங்காய் எண்ணெயோ சமையல் எண்ணெயோ வேண்டவே வேண்டாம். நாளடைவில் கெட்டியாகி ஒட்டும்.

முன்திறப்பு வகைக்குத் தாராளமாக எண்ணெய் விடக் கூடாது. முன்வாய் வழியாக ஐசோபுரோபைல் ஆல்கஹால் கொஞ்சம் விட்டுச் சில முறை இயக்கி, நுனியைத் தரைப்பக்கமாகப் பிடித்து வடியவிட்டு, நன்றாகக் காயவையுங்கள். பக்கத்தில் அடுப்போ தீயோ இருக்கக் கூடாது. காய்ந்தபின் உலர்வகை மசகு ஒரு துளி.

திறப்பு மந்தமாகிவிட்டதா? ஸ்பிரிங்கைச் சந்தேகிக்கும் முன் ஆணித் திருகைப் பாருங்கள். அளவுக்கு மீறி இறுகியிருந்தால் எந்த ஸ்பிரிங்கும் தோற்கும். கால் சுற்றுக்கும் குறைவாகத் தளர்த்திப் பார்த்து, ஆட்டம் வராத இடத்தில் நிறுத்துங்கள். பட்டனை அழுத்தியும் அலகு அசையவே இல்லை, கையால் திறந்தால் எதிர்ப்பே இல்லாமல் வருகிறது என்றால் சுருள் ஸ்பிரிங்கின் ஒரு கால் முறிந்திருக்கும். அதே அளவுக் கம்பியில் செய்த மாற்று ஸ்பிரிங்கைத் தயாரிப்பாளரிடமே வாங்குங்கள். வலுவானது என்று தடித்த கம்பி போட்டால் அடி முழுக்கத் தடுப்பு முளைக்குத்தான் போய்ச் சேரும்.

இரட்டைச் செயல் கத்தியில் அலகு பாதியில் நின்றால், அலகின் நுனி உங்களைப் பார்க்காதபடி பிடித்து, கட்டை எந்தப் பக்கம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். கட்டை முன்னே இருந்தால் அலகின் இரு பக்கத்தையும் தடித்த துணியால் பற்றி, பூட்டும் ஒலி கேட்கும்வரை வெளியே இழுங்கள். கட்டை பின்னே இருந்தால் அலகின் தட்டையான பக்கங்களைப் பற்றி, வழுக்காமல் உள்ளே தள்ளுங்கள்; நுனியை மேசையில் ஊன்றித் தள்ளாதீர்கள், நுனி உடையும். ஒரு முறை பூட்டிக்கொண்டால் அப்புறம் வழக்கம்போல இயங்கும். எந்தத் தடையும் இல்லாமலே அடிக்கடி பாதியில் நின்றால், உள்ளே அழுக்கு, அல்லது ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. சுத்தம் செய்தும் சரியாகவில்லை என்றால் பிரிக்க முயலாமல் தயாரிப்பாளரின் சர்வீஸுக்கு அனுப்புங்கள். மூடியைக் கழற்றியதும் கொக்கிகளும் நாக்குகளும் குட்டி ஸ்பிரிங்குகளும் அவிழ்ந்து தெறிக்கும். எது எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று தெரியாமல் திரும்பச் சேர்க்க முடியாது.